எந்த ஊர், யார் மகள் என்று கேட்காத ஜன்னல்

நடந்தது இதுதான்.

1. இறுதியாண்டு மாணவி ஒருத்தி, தன் புராஜெக்ட் வழிகாட்டியைப் பற்றிப் புகார் சொல்ல எங்கள் புகார்க் குழுவின் அறைக்கு வந்தாள்.
2. குழுத் தலைவர் அவளை அன்பாக உட்கார வைத்து, எந்த ஊர், யார் மகள் என்று கேட்டார்.
3. அவள் சொன்னாள். தலைவருக்கு அவளுடைய அப்பாவைத் தெரிந்திருந்தது.
4. அவள் எழுந்து போய்விட்டாள். புகார் வரவில்லை.
5. சில நாள் கழித்து மல்டிமீட்டர் வாங்க என் ஆய்வக ஜன்னலுக்கு வந்தாள். புகார் அங்கே வந்தது.
6. அந்த வழிகாட்டி இப்போது இந்தக் கல்லூரியில் இல்லை. அவள் பட்டம் வாங்கிவிட்டாள்.

உள் புகார்க் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் விதிமுறைப் புத்தகம் கொடுத்திருப்பார்கள். படியுங்கள், நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். எத்தனை நாளில் விசாரணை, யார் யாருக்கு நகல் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மேலே உள்ள இரண்டாவது வரியிலிருந்து ஐந்தாவது வரிக்கு எப்படிப் போவது என்பது அதில் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் இரண்டாவது பணிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. இனி நான் கருவியியல் ஆய்வகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளப் போகிறேன்.

அவளிடம் கேட்ட பிறகே எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவள் ஊர் தேவாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவாரம் இல்லை.

அந்த முதல் நாளைச் சொல்கிறேன். குழுவின் அறை அப்போது முதல்வர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் ஒரு மர பெஞ்சு. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், கல்லூரிப் பேருந்து போடி போய்ச் சேர்வதற்குள் அவள் ஏன் உட்கார்ந்திருந்தாள் என்பதற்கு நான்கு காரணங்கள் தயாராகிவிடும். அவள் அந்த பெஞ்சில் உட்காராமல், கதவை ஒட்டி நின்றாள். உள்ளே கூப்பிட்டதும் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே வந்தாள்.

எங்கள் தலைவர் கணிதத் துறைப் பேராசிரியை. போடியிலேயே பிறந்து, போடியிலேயே வாழ்க்கைப்பட்டவர். நல்லவர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

“உக்காரு ஆத்தா. எந்த ஊரு நீ?”

“தேவாரம் மேடம்.”

“தேவாரத்துல யாரு மக?”

அவள் அப்பா பெயரைச் சொன்னாள்.

“அட! தென்னந்தோப்புக்காரர் மகளா நீ? ஒங்கப்பாவும் எங்க வீட்டுக்காரரும் ஒண்ணாப் படிச்சவுக. பயப்படாத. எதுன்னாலும் சொல்லு. தேவைப்பட்டா நானே அப்பாட்டப் பேசுறேன்.”

அவள் முகத்தில் எல்லாமே ஒரே நொடியில் மூடிக்கொண்டது. “ஒண்ணும் இல்ல மேடம். வேற சோலியா வந்தேன்” என்று எழுந்துவிட்டாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். “என்னமா, நல்லாத்தான பேசுனேன்?”

நல்லாத்தான் பேசினார், அதுதான் சிக்கல். நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் ஊரைக் கேட்போம், அப்புறம் வீட்டைக் கேட்போம், அப்புறம் ஏதாவது ஒரு முறையைக் கண்டுபிடித்து மாமா, சித்தப்பா என்று ஆரம்பிப்போம். பஸ்சில் அது மரியாதை. கல்யாண வீட்டில் அது மகிழ்ச்சி. புகார் சொல்ல வந்த பெண்ணுக்கோ, தன் வீட்டுக் கூடத்துக்கு நேராக ஒரு ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்த மாதிரி.

அவர் எனக்கு மூத்தவர், துறைத்தலைவர். நான் ஆய்வகத்தில் அப்போதுதான் நிரந்தரமானவள். அவரிடம் எப்படிச் சொல்வது? வாதாடவில்லை. “மேடம், அந்தப் பொண்ணு என்னத்துக்கு வந்தான்னு நமக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது.”

“அவ அப்பா யாருன்னு தெரியுமா?”

அவர் அவள் போன கதவைப் பார்த்தார். பிறகு, “நான் இந்தக் கேள்வியக் கேக்குறேன்னே எனக்குத் தெரியலமா. மூச்சு விடுற மாதிரி வருது” என்றார். அன்றே அவர் செய்த ஒரு காரியத்துக்காக இன்றும் அவர் மேல் எனக்கு மதிப்பு. அவள் அப்பாவிடம் பேசவில்லை. கணவரிடமும் பேசவில்லை. எங்கள் தலைவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு கடினம் என்று புரியும்.

அவளைத் தேடி வகுப்புக்குப் போகவோ, தோழி மூலம் ஆள் அனுப்பவோ வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவளுக்கு இன்னொரு முறை வரத் தோன்றினால், ‘எதுக்கு வந்தே?’ என்று யாரும் கேட்காத ஓர் இடம் வேண்டும். அந்த இடம் என் பொறுப்பிலேயே இருந்தது. ஆய்வகத்தில் கருவிகள் கொடுத்து வாங்கும் ஜன்னல். இறுதியாண்டில் எல்லோரும் தினமும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். ஒருத்தி அங்கே அரை மணி நேரம் நின்றாலும், சென்சார் வேலை செய்யவில்லை போல என்றே நினைப்பார்கள். இறுதியாண்டு வகுப்புகளுக்குப் பொதுவாக ஒரு அறிவிப்பு போட்டோம்: குழுவிடம் பேச விரும்புகிறவர்கள் ஆய்வக ஜன்னலிலும் பேசலாம். அவ்வளவுதான்.

அவள் வந்தாள். மல்டிமீட்டரைக் கையில் வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

“மேடம், ஊரெல்லாம் சொல்லணுமா?”

“வேணாம். ரோல் நம்பர் போதும். அதுவும் மல்டிமீட்டருக்குத்தான்.”

சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பேசினாள்.

அவர்கள் குழுவின் புராஜெக்ட், ஏலக்காய் ஸ்டோரில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து போனுக்கு அனுப்பும் கருவி. ஸ்டோர் என்றால் பச்சைக் காயைச் சூடேற்றி உலர வைக்கும் கட்டடம். அவர்களுக்கு அனுமதி கொடுத்த ஸ்டோர் குரங்கணிக்கு மேலே, ஜீப்பில்தான் போக முடியும். வழிகாட்டி ஒவ்வொரு தடவையும் மற்ற மூவரையும் வெளியே ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டு, ரீடிங் எடுக்க இவளை மட்டும் உலர் அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார். முதலில் தோளில் கை. பிறகு இடுப்பில். அவள் தள்ளிவிட்டு வெளியே வந்தபோது, “வைவா மார்க்கு யாரு போடுறதுன்னு தெரியும்ல?” என்று சிரித்திருக்கிறார். அடுத்த தடவை தனியாக வரச் சொல்லி போனில் செய்தி அனுப்பியிருந்தார். அதை அழிக்காமல் வைத்திருந்தாள்.

“ஒனக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன். இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். ஊர் கேட்கிற இடத்தில் இதைக் கேளுங்கள்.

“டிகிரி முடிக்கணும் அக்கா.” மேடம், அக்காவாகியிருந்தது. “வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிருவாக. அடுத்த தையில கல்யாணம். மாப்ள தயாரா இருக்கு, எங்க அத்தை மகன். ஆளு நல்லாத்தான் இருப்பான், அது வேற விசயம்.”

“அவனப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

“பேசுவோம்.”

புகார் எழுத்தில் வந்தது. அடுத்து முதல்வர். நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். “வைவா முடியட்டுமே, அப்புறம் நிதானமா விசாரிக்கலாம்” என்றார். இங்கே நான் என் தொழிலை உதவிக்குக் கூப்பிட்டேன். ஆய்வகத்தில் முதல் நாள் நாங்கள் சொல்லிக் கொடுப்பது, மெயின் சுவிட்சை அணைக்காமல் பேனலுக்குள் கை விடாதே என்பது. “சார், அவரு கையில மார்க்கு இருக்குற வரைக்கும் லைன்ல கரண்டு இருக்கு. மொதல்ல அதைத்தான் அணைக்கணும்” என்றேன்.

“சரி, அந்தப் பிள்ளைக்கு மட்டும் வேற கைடு போட்டுருவோம்.”

கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன். கேட்டது கிடைத்துவிட்டதே! தலைவர்தான் என் கையைத் தட்டினார். “ஒருத்திக்கு மட்டும் மாத்துனா அதுவே தண்டோராதான் சார். நாளைக்கே ஊரு பூராத் தெரிஞ்சிரும். அந்தத் துறையில எல்லாக் குழுவுக்கும் மாத்துங்க. குலுக்கல் போடுங்க.”

குலுக்கல் போட்டார்கள். மாணவர்கள் முணுமுணுத்தார்கள், ஒரு பையன், “சீட்டுக் கம்பெனி ஆரம்பிச்சுட்டாங்கடா” என்றான். யாருக்கும் எதுவும் புரியவில்லை. அவள் குழுவுக்கு ஒரு பெண் வழிகாட்டி கிடைத்தார். ஊரின் வாயை அறிந்தவர் ஊரின் வாயை எப்படி அடைப்பது என்றும் அறிந்திருந்தார்.

விதிப்படி புகாரின் நகல் பழைய வழிகாட்டிக்குப் போனது. விவரம் வெளியே போகக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கினோம். அந்த வாரமே ஒரு மதியம், மாணவர் வரிசையில் எங்கள் தலைவர் நின்றுகொண்டிருந்தார். துறைத்தலைவர் மல்டிமீட்டர் வரிசையில் நிற்பதைப் பார்த்து முன்னால் இருந்தவர்கள் விலகினார்கள். “நில்லுங்கப்பு, நானும் சென்சார் வாங்கத்தான் வந்தேன்” என்றார்.

ஜன்னலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கெழம தேவாரத்துக்கு ஜீப்பு கெளம்புது. அவரு சித்தப்பா, மச்சான், இன்னும் ரெண்டு பெரிய ஆளுக. சமாதானம் பேசப் போறாகளாம். என்னையவே கூப்புடுறாகமா! ‘நீங்க வந்தா மதிப்பா இருக்கும், ஒங்க பேச்ச அவுக கேப்பாக’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க மேடம்?”

“வெளக்கமாறு தேடுனேன், கைக்கு எட்டல. ‘விசாரிக்கிறவ வீடு தேடிப் போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, நீங்களும் போகக் கூடாது’ன்னேன். கேக்க மாட்டாக.”

அதுதான் நான் பார்த்ததிலேயே இக்கட்டான நேரம். அவளுக்கு இருந்த ஒரே பயம் வீடு. அந்த வீட்டுக்கு விஷயம், அவர்கள் வாயால், அவர்கள் சொல்கிற விதத்தில் போகப் போகிறது. முதல்வர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாம், அனுப்பினார். ஆனால் கடிதம் ஜீப்பை நிறுத்தாது. நாங்களே அப்பாவிடம் பேசிவிடலாமா? எனக்கு அந்த ஆசை வந்தது. அது அவளுடைய விஷயத்தை இன்னொரு முறை அவள் கையிலிருந்து எடுத்துக்கொள்வது. அதை ஒருவர் ஏற்கெனவே உலர் அறையில் செய்துவிட்டார். ஆகவே அவளைக் கூப்பிட்டு, நடக்கப் போவதை அப்படியே சொன்னோம்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவுக வாறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன்” என்றாள்.

“நான் வரணுமா?”

“நீங்க வந்தா காலேஜே வந்த மாதிரி ஆயிரும் அக்கா. எங்கம்மா பயந்துரும். எங்க டீம்ல இருக்குறவளக் கூட்டிட்டுப் போறேன். அவளுக்கு எல்லாம் தெரியும்.”

என்ன சொல்வது என்று நான் ஒரு தாளில் வரிசைப்படுத்திக் கொடுத்தேன். நடந்தது என்ன, புகார் கொடுத்தாயிற்று, சட்டம் என்ன சொல்கிறது, படிப்பு நிற்க வேண்டியதில்லை. அவள் படித்துப் பார்த்து, பேனாவை வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி எழுதினாள்: நான் நல்லா இருக்கேன்.

“இது மொதல்ல வரலேன்னா எங்கம்மா மத்தது எதையும் கேக்காது அக்கா.”

ஆண்டுக்கணக்கில் செய்முறைக் கையேடு எழுதுகிறேன். இவ்வளவு சரியாக வரிசையை யாரும் திருத்தியதில்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். மற்றதெல்லாம் திங்கள்கிழமை அவள் வந்து சொன்னது.

அப்பா கேட்டுவிட்டு எழுந்து தோப்புக்குப் போய்விட்டார். தேங்காய் உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா தோழியிடம் திரும்பி, “நீ பாத்தியா?” என்று கேட்டிருக்கிறார். “எங்கள வெளிய அனுப்பிருவாரு அத்த. இவ வெளிய வரும்போது இவ மொகத்தப் பாத்தேன்” என்று தோழி சொன்னாள். அம்மா அடுப்பங்கரைக்குப் போனார். தோசை வார்த்துப் போட்டார். இரண்டு பேரும் தின்றார்கள். மூன்றாவது தோசையைப் போடும்போது அம்மா கேட்டார்:

“திங்கக்கெழம காலேஜு பஸ்சு எத்தன மணிக்கு?”

“அந்த எடத்துலதான் அக்கா நான் அழுதேன்” என்றாள். “அதுக்கு முன்னாடி அழுகவே இல்ல.”

அப்பா உள்ளே வந்தபோது கோபமாகத்தான் வந்தார். “இத்தன நாளு எங்கிட்டச் சொல்லாம ஜன்னல்லயா போயி சொல்லுவ?” என்று கத்தினார். அது ஒன்றுதான் அவருடைய குறை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை என்று கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு வந்தது. நான்கு பேர், வெள்ளை வேட்டி, பழத்தட்டு. அப்பா நாற்காலி போட்டார். வழிகாட்டியின் சித்தப்பா ஆரம்பித்தார். “பொம்பளப் பிள்ள வெவகாரம். பேரு கெட்டுறக் கூடாது பாருங்க. நமக்குள்ள பேசி முடிச்சுக்கிட்டா...”

அம்மா கதவோரத்திலிருந்து சொன்னார்: “கெட்டது யாரு பேருன்னுதான காலேஜ்ல விசாரிக்காக. விசாரிச்சு முடிக்கட்டும்.”

“ஆத்தா, நம்ம சொந்தபந்தம்னு...”

அப்பா எழுந்துவிட்டார். “புகாரு எங்க வீட்டுல இல்லண்ணே. காலேஜ்ல இருக்கு. அங்க போயிப் பேசுங்க. பழத்த எடுத்துக்கங்க, ஜீப்புல வெயிலுக்கு ஆகும்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் ஜன்னலுக்கு நெருங்கி வந்து, பெரிய ரகசியம் போலச் சொன்னாள்: “தண்ணி மட்டுந்தான் குடுத்தோம் அக்கா. காப்பி குடுக்கல!”

எங்கள் ஊரில் பிறக்காதவர்களுக்கு இது புரியாமல் போகலாம். வீடு தேடி வந்த பெரிய மனிதர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்புவதை விடப் பெரிய தீர்ப்பை எங்கள் குழுவாலும் எழுத முடியாது.

நாங்கள் எழுதியது அடுத்து வந்தது. ஜீப்பு விஷயமும் பதிவில் சேர்ந்தது. இதற்குள் இன்னும் இரண்டு பேர் பேச வந்திருந்தார்கள். ஒருத்தி பக்கத்து வகுப்பு மாணவி. இன்னொருத்தி படிப்பை முடித்து வேலையில் இருப்பவள், வீடியோவில் பேசினாள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. எல்லாக் குழுவுக்கும் வழிகாட்டி மாறிய செய்தி கேட்டதும் அவர்களுக்கு மட்டும் காரணம் புரிந்திருக்கிறது.

விசாரணையில் பழைய வழிகாட்டி தளரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தலைவரைப் பார்த்து மட்டும் பேசினார். “மேடம், ஒங்களுக்குத் தெரியாதா? அந்தப் பிள்ள எனக்கு மக முறை. அவ அப்பனும் நானும் பங்காளி வழி. மக முறை ஆகுற பிள்ளைட்ட நான் அப்பிடி நடப்பனா?”

அறையில் ஒரு தயக்கம் பரவியது. எனக்குத் தெரிந்தது. குழுவில் இருந்த உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் லேசாகத் தலையாட்டினார்கள். நம் ஊரில் அது கனமான வாதம். நான் சட்டப் பிரிவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் இல்லை.

எங்கள் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“முறை பாத்தா இந்தக் காலேஜ்ல பாதிப் பேரு எனக்கும் சொந்தந்தான் சார். அத விடுங்க. முறை ஆகாத பிள்ளைங்ககிட்ட எப்பிடி நடந்துக்குவீங்க? அதச் சொல்லுங்க.”

அவர் மேசைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “நான் எல்லாரையும் மக மாதிரிதான்...” என்றார்.

“அப்ப எல்லாரையுந்தான் தனியா வரச் சொல்லிச் செய்தி அனுப்புனீங்களா?”

மூன்று பெண்களின் போனிலிருந்தும் எடுத்த செய்திகள் அவர் முன்னால் இருந்தன. அவர் அதன் பிறகு தலைவரைப் பார்க்கவில்லை. தலையாட்டிய இருவரும் மேசையைப் பார்த்தார்கள். முதல் நாள் “யாரு மக?” என்று கேட்ட அதே வாய் அது. ஊரின் முறைகளை எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தவரால்தான் அந்தக் கேள்வியை அவ்வளவு நேராக வைக்க முடிந்தது.

அறிக்கை ஒருமனதாகப் போனது. நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. அந்த வழிகாட்டியைப் பணியிலிருந்து நீக்கினார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வைவாவுக்கு முன் கடைசி ரீடிங் பாக்கி இருந்தது. “வேற ஸ்டோர் பாப்போமா?” என்று புதிய வழிகாட்டி கேட்டார். அவள் மறுத்துவிட்டாள். “அந்த ரூம்ல நானே போயி முடிக்கணும் மேடம்.” நானும் போனேன், கருவி பழுதானால் பார்க்க என்று சொல்லிக்கொண்டு. ஜீப்பு ஏறி இறங்குவதற்குள் இடுப்பு ஒடிந்தது. அவள் உலர் அறைக் கதவை அகலத் திறந்து, தடுப்புக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு உள்ளே போனாள். சூடும் ஏலக்காய் மணமும் முகத்தில் அடித்தன. நாங்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். என் போனில் எண்கள் வர ஆரம்பித்தன. பிறகு அவள் குரல்:

“அக்கா, வருதா?”

“வருது!”

“சரியா வருதா?”

“சரியா வருதுடி!”

அவள் உள்ளே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு தட்டாக நகர்ந்தாள். அவசரப்படவில்லை. வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்துவிட்டு வந்தாள்.

இப்போதைய நிலவரம் இது. பழைய வழிகாட்டி மேல்முறையீடு செய்திருந்தார், தள்ளுபடியாகிவிட்டது. அவள் வெளியூரில் கருவிகள் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள். அத்தை மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, அவள் போய் மொய் எழுதிவிட்டு வந்தாள். அவர்கள் செய்த கருவி குரங்கணிக்கு மேலே அந்த ஸ்டோரில் இன்னும் ஓடுகிறது. எங்கள் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். முதல்வர் அறை வாசலில் இருந்த பெஞ்சு நூலகத்துக்குப் போய்விட்டது. குழுவின் அறை இப்போது ஆய்வகத்தின் பின்பக்கம், ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறது. சாவி மேசை இழுப்பறையில். திங்கள்கிழமையிலிருந்து ஜன்னலில் நீங்கள் இருப்பீர்கள்.